எத்தனை நாளுக்கு ஒரு சாணை?

மார்கழியில் காலை ஏழு மணிக்கு எங்கள் தெருவில் யாரும் போன் பேச முடியாது. பிள்ளையார் கோயில் குழாய் ஒலிபெருக்கியை நேராக எங்கள் மாடியைப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். மகள் கனடாவில் கால்கரியிலிருந்து கூப்பிடுவதும் அந்த நேரத்தில்தான். அங்கே முந்தின நாள் சாயங்காலம் ஆறரை மணி, வேலை முடித்து வந்திருப்பாள். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நான் பேசுவேன்.

போன மார்கழியில் அப்படி ஒரு நாள் கேட்டாள்: "அப்பா, ஸ்கீயை எத்தனை நாளுக்கு ஒருதடவை சாணை பிடிக்கணும்?"

ஸ்கீ என்றால் பனிச்சரிவில் சறுக்கக் காலில் மாட்டிக்கொள்கிற நீளமான பலகை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருஷமாக இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முனிச்சாலைப் பக்கம் ஒரு சந்தில் எனக்குப் பட்டறை. அச்சகங்களிலும் பைண்டிங் கடைகளிலும் காகிதக்கட்டு வெட்டும் மெஷின் இருக்குமே, அதன் நீளமான பிளேடுகளைச் சாணை பிடித்துக் கொடுப்பது என் தொழில். மதுரை நோட்டுப் புத்தகக்காரர்கள், கல்யாணப் பத்திரிகைக்காரர்கள், சிவகாசியில் நாலைந்து அச்சகங்கள். புது ஆள் யார் வந்தாலும் பிளேடை இறக்கி வைத்த கையோடு கேட்பார்: "அண்ணே, இதை எத்தனை நாளைக்கு ஒருக்கா கொண்டு வரணும்?"

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "என்ன வெட்டுறீங்க?"

வெறும் வெள்ளைத்தாள் வெட்டுகிறவரின் பிளேடு நெடுநாள் தாங்கும். பளபளப்புத் தாள் என்றால் சீக்கிரம் மழுங்கும், அதன் மேலே பூசியிருப்பது களிமண்ணும் சுண்ணாம்பும்தான். பழைய காகிதத்தைக் கூழாக்கிச் செய்த அட்டை வெட்டுகிறவர் பாடு இன்னும் மோசம். உள்ளே மணல் இருக்கும், ஸ்டேப்பிள் பின் துண்டு இருக்கும். ஒரு பின்னில் பட்டால் போதும், அன்று காலையில் மாட்டிய பிளேடை மத்தியானமே கழற்ற வேண்டியிருக்கும். இதற்குள் நாள் கணக்கு எங்கே வருகிறது?

இதையே மகளிடமும் சொன்னேன். "பனியைத்தாம்பா வெட்டுறேன்" என்றாள். பனி என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று அன்று நானும் நினைத்தேன்.

பனிச்சறுக்கை நான் நேரில் பார்த்ததில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்குப் போனது ஜூலை மாதம். பார்த்தது கார் ஷெட்டின் சுவரில் சாய்த்து வைத்திருந்த ஸ்கீக்களை மட்டும்தான். பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை, கீழே இறக்கித் திருப்பினேன். அடிப்பக்கம் கறுப்பான பிளாஸ்டிக். பாலிஎதிலீனில் கெட்டியான ரகம். அதன் இரண்டு ஓரத்திலும் முனையிலிருந்து வால் வரை மெல்லிய எஃகுக் கம்பி, சுமார் 2 மில்லிமீட்டர் கனம். மலைச்சரிவில் திரும்பும்போது பனியைக் கடித்துப் பிடிப்பது அந்தக் கம்பியின் மூலைதான். நான்கு ஓரத்திலும் செம்பழுப்பாகத் துரு. "என்ன பாப்பா இது, அருவாமனையை மழையில போட்ட மாதிரி?" என்று கேட்டதற்கு, "சீசன் முடிஞ்சா அப்படித்தாம்பா வைப்போம்" என்றாள். அன்றைக்கே இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊருக்குப் போன இடத்தில் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

இந்தக் கேள்வி வந்த பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். மாப்பிள்ளை அனுப்பிய வீடியோக்களைப் பார்த்தேன். நான் இருக்கிற தொழிலுக்கு இது அந்நியமாகவே தெரியவில்லை.

எங்கள் காகித பிளேடுக்கு ஒரு பக்கம்தான் சரிவு, 22 முதல் 24 டிகிரி வரை. ஸ்கீயின் எஃகுக்கு இரண்டு பக்கமும் சரிவு உண்டு. அடிப்பக்கம் ஒரு டிகிரி போல மேலே தூக்கியிருக்கும். பலகையைக் கொஞ்சம் சாய்த்த பிறகுதான் எஃகு பனியைத் தொட வேண்டும் என்பதற்காக அது. பக்கவாட்டில் ஒன்றிலிருந்து மூன்று டிகிரி வரை உள்ளே சாய்த்திருப்பார்கள். மகளுடைய ஸ்கீக்கு அடியில் 1, பக்கத்தில் 2. தொண்ணூறில் இரண்டு கழிந்து ஒன்று சேர்ந்தால் 89. அந்த மூலைக்குத்தான் இவ்வளவு பாடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. கூர் தீட்டுவதெல்லாம் பக்கவாட்டில்தான். அங்கே தேய்த்தால் எஃகு குறையும், ஆனால் கோணம் கெடாது. அடிப்பக்கச் சரிவை அநாவசியமாகத் தொடக் கூடாது. அங்கே ஒவ்வொரு தேய்ப்புக்கும் சரிவு கூடிக்கொண்டே போகும். கூடியதைத் திரும்பக் குறைக்க வேண்டுமானால் பலகையின் அடி முழுவதையும் மெஷினில் கொடுத்து இழைத்துத் தள்ள வேண்டும். எங்கள் பிளேடிலும் முதுகுப்பக்கத்துக்கு இதே சட்டம். அது தட்டையாக இருக்க வேண்டும். பிசிறு எடுக்கிறேன் என்று முதுகைச் சாய்த்துத் தேய்த்துவிட்டால் அந்த பிளேடு நேராக வெட்டாது. வேலை பழக வருகிற பையன்களுக்கு இதைச் சொல்லியே என் தொண்டை வறண்டிருக்கிறது.

பேசப் பேசத்தான் விஷயம் வெளியே வந்தது. மகள் ஒவ்வொரு நாலு தடவைக்கும் ஸ்கீயைக் கடையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் முழுச் சாணை: அடியைக் கல்லில் கொடுத்து இழைத்து, இரண்டு ஓரமும் மெஷினில் போட்டு, மேலே மெழுகு பூசிக் கொடுப்பார்கள். பார்க்கப் புதிதாக இருக்கும், அவளுக்கும் சந்தோஷம். எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன செய்ய? கடைக்காரர் பொய் ஒன்றும் சொல்லவில்லை. இவள் கொடுத்தாள், அவர் செய்தார். ஆனால் நான் கணக்குப் போட்டேன். ஓரத்தில் இருப்பதே 2 மில்லிமீட்டர் எஃகு. அடி பிளாஸ்டிக்கின் கனம் அதற்கும் குறைவு. இரண்டும் மறுபடி வளராது. இவள் ஒரு சீசனுக்குப் போவது பதினைந்து நாள். பதினைந்து நாளுக்கு மூன்று நாலு முழுச் சாணை என்றால், பனி தின்றதைவிடக் கல் தின்றதுதான் அதிகம்.

இந்தப் பாவத்தை நானும் செய்திருக்கிறேன், மறைப்பானேன். தொழிலுக்கு வந்த புதிதில், வருகிற பிளேடை எல்லாம் பளிச்சென்று தர வேண்டும் என்று ஆசை. கொஞ்சம் போதும் என்கிற இடத்தில் நிறைய எடுப்பேன். தண்ணீர் சரியாகப் பாயாமல் அவசரமாகக் கல்லை இறக்கி, ஒருவருடைய 36 அங்குல பிளேடில் நீலம் பாய வைத்துவிட்டேன். நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் எஃகின் பதம் போயிற்று என்று அர்த்தம், தீட்டினாலும் கூர் நிற்காது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த பிளேடை வேறு பட்டறைக்குக் கொண்டு போனார். அவ்வளவுதான்.

அம்மாவுக்குப் பிறந்த ஊர் திருப்பாச்சேத்திப் பக்கம். அருவாளுக்குப் பேர்போன ஊர், சொல்லத் தேவையில்லை. அங்கே தாத்தா வீட்டில் இரண்டு தினுசு உண்டு. வெட்டருவாள், கதிரறுக்கிற பன்னருவாள். வெட்டருவாளைத் தாத்தா தானே தீட்டிக்கொள்வார். வாசலில் ஒரு கல், ஒரு சொம்புத் தண்ணீர், நாலு இழுப்பு. பன்னருவாள் மட்டும் அறுப்புக்கு முன்னால் கொல்லுப்பட்டறைக்குப் போகும், பல் வெட்ட. தீட்டுவது வேறு, பட்டறைக்குப் போவது வேறு என்று அந்த வீட்டில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தாத்தா வெட்டருவாளை வாரா வாரம் பட்டறைக்குத் தூக்கியிருந்தால் ஊரே சிரித்திருக்கும்.

பனையேறிகளைக் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார்கள். காலையும் மாலையும் பாளையை மெல்லிசாகச் சீவ வேண்டும், கூர் கொஞ்சம் குறைந்தாலும் பாளை நைந்து பதநீர் குறையும். அதனால் அவர்களுக்குத் தீட்டுவது அன்றாட வேலை. பலகையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவி இழுப்பார்கள். தீட்டின மரத்திலேயே கூர் பார்க்கிறது என்ற பழமொழியில் வருவதும் இப்படித் தீட்டுகிற மரம்தான். இன்று நன்றி கெட்டவர்களைத் திட்ட மட்டும் அதை வைத்திருக்கிறோம்.

சரி, ஸ்கீக்கு வருவோம். இரண்டு வேலையையும் பிரி என்று மகளிடம் சொன்னேன். கையில் அடங்குகிற சின்ன வைரக்கல் ஒன்று, கோணம் தவறாமல் அதைப் பிடிக்க ஒரு கட்டை. இரண்டு மூன்று நாள் சறுக்கியதும் பக்கவாட்டில் முனையிலிருந்து வால் வரை நாலு இழுப்பு. அது தீட்டுவது. எஃகு போவது கண்ணுக்கே தெரியாது. அரம் போடுவது அதற்கு அடுத்த படி, கூர் உருண்டுவிட்டது என்று தெரிந்தால் மட்டும். கல்லில் கொடுத்து அடியை இழைப்பது கடைசிப் படி. அடி தட்டையாக இல்லாமல் வளைந்தால், ஆழமாகக் கீறினால், அப்போது. அவள் போகிற அளவுக்கு வருஷத்துக்கு ஒன்றுகூட அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

"அப்ப மாப்பிள்ளையோடதுக்கும் இதே கணக்கா?" என்று வெளியே இருந்து மனைவி கேட்டாள். குளியலறைக் கதவு மெல்லிய கதவு.

நல்ல கேள்வி. இரண்டு பேரும் ஒரே காரில் போகிறார்கள், ஒரே நாளில் போகிறார்கள். ஆனால் மாப்பிள்ளை மரங்களுக்கு நடுவே, புதிதாக விழுந்து இடுப்பளவு கிடக்கிற பஞ்சுப் பனியில் போகிறவர். அங்கே பலகை மிதக்கிறது, எஃகுக்குப் பெரிய வேலை இல்லை. மகள் போவது மெஷின் வைத்து உருட்டிக் கெட்டியாக்கிய பாதையில். காலையில் அது பாதி ஐஸ்கட்டி. மழுங்கிய ஓரத்தோடு அதில் திரும்பினால் பலகை கடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும்.

பனியும் ஒரே பனி இல்லை. அவள் அடிக்கடி போகும் நகிஸ்கா, 1988 குளிர்கால ஒலிம்பிக்கில் மலைச்சறுக்குப் போட்டி நடந்த இடம். அங்கே வானத்தை மட்டும் நம்பாமல் மெஷினாலும் பனி செய்து பாதையில் கொட்டுகிறார்கள். மேலேயிருந்து விழுகிற பனிக்கு இறகு போலக் கிளைகள் இருக்கும். மெஷினில் பீய்ச்சுகிற தண்ணீர்த்துளி அப்படியே உருண்டையாக உறைந்துவிடும். நெருக்கமாகப் படியும், கரகரவென்று இருக்கும், எஃகையும் மெழுகையும் சீக்கிரம் தின்னும். நான் மகளிடம் சொன்னேன்: "அதுதான் பாப்பா, மணல் கலந்த அட்டை." உடனே புரிந்துகொண்டாள். பள்ளிக்கூட லீவில் என் பட்டறையில் உட்கார்ந்து பில் எழுதினவள்தானே.

சீசன் தொடக்கத்தில் பனி மெலிசாக இருக்கும்போது கீழே பாறை தலை நீட்டும். அதற்கென்றே பழைய ஜோடி ஒன்றை அங்கே பலர் வைத்திருப்பார்களாம். இது எனக்கு ரொம்பப் பிடித்தது. வேலிமுள் வெட்ட ஒரு பழைய அருவாள் வைத்திருப்பதில்லையா?

பாறையில் பட்டுவிட்டால் ஒரு சங்கதி தெரிந்திருக்க வேண்டும். எஃகு கல்லில் உரசுகிற அந்த நொடியில் அந்த இடம் மட்டும் பயங்கரமாகச் சூடேறி, சுற்றியிருக்கிற குளிரில் உடனே ஆறிவிடும். கொல்லன் காய்ச்சித் தண்ணீரில் முக்குவது போல. மற்ற இடத்தைவிட அந்தப் புள்ளி இரும்பாய் இறுகிவிடும். அங்கே அரத்தை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும், அரத்தின் பல் போகும். முதலில் வைரக்கல்லால் அந்த இறுகின தோலை எடுத்துவிட்டு, அப்புறம்தான் அரம். இதைச் சொன்னதும் அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. போன வருஷமே ஒரு அரத்தைப் பாழாக்கிவிட்டு, ஏன் என்று தெரியாமல் இருந்திருக்கிறாள்.

மெழுகு தனிக் கதை. அடி பிளாஸ்டிக்கில் இஸ்திரிப்பெட்டி போன்ற ஒன்றால் மெழுகை உருக்கி ஊட்டி, ஆறியதும் சுரண்டி, பிரஷ் போட வேண்டும். நல்ல குளிருக்குக் கெட்டி மெழுகு, ஈரப்பனிக்கு இளகின மெழுகு. மூன்றிலிருந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை என்பது பொதுவாகச் சொல்கிற கணக்கு. ஆனால் பலகையே சொல்லிவிடும். ஓரத்தை ஒட்டிக் கறுப்பு வெளுத்துச் சாம்பல் பூத்தது போலத் தெரிந்தால் காய்ந்துவிட்டது என்று பொருள். தோசைக்கல் கேட்கிற எண்ணெய்தான். பழைய போட்டி மெழுகு எதையும் வீட்டுக்குள் உருக்காதே என்று மட்டும் சொன்னேன். ஃபுளூரின் சேர்ந்த மெழுகு வேகத்துக்கு நல்லது, உடம்புக்கும் தண்ணீருக்கும் கெட்டது. 2023-24 சீசனிலிருந்து உலகப் போட்டிகளிலேயே அதற்குத் தடை.

இன்னொன்று என்னை ஆச்சரியப்படுத்தியது. அடிப்பக்கத்தைக் கண்ணாடி போல வழவழப்பாக்கினால் வேகமாகப் போகும் என்றுதானே தோன்றும்? வழவழப்பான அடி ஈரப்பனியில் ஒட்டிக்கொள்ளுமாம். அதனால் கல்லில் இழைக்கும்போது வேண்டுமென்றே மெல்லிய கீற்றுகளை விடுகிறார்கள். குளிர்ந்த உலர்ந்த பனிக்கு நுணுக்கமான கீற்று, ஈரத்துக்குக் கொஞ்சம் பெரிய கீற்று. எனக்கு "அம்மி கொத்தலையோ, ஆட்டுரல் கொத்தலையோ" என்று எங்கள் தெருவில் உளியும் சுத்தியலுமாக வந்தவர் ஞாபகம் வந்தது. அரைத்து அரைத்து அம்மி வழவழப்பாகிவிட்டால் மிளகாய் வழுக்கும், அவர் வந்து பொளித்துவிட்டுப் போவார். அவரையும் அம்மா நாள் பார்த்துக் கூப்பிட்டதில்லை. மசாலா நைய நேரமாகிறது என்று கை சொல்லும், அப்போது கூப்பிடுவாள்.

காலண்டருக்கு இதில் வேலையே இல்லையா என்றால், இரண்டு நாளுக்கு உண்டு. அறுப்புக்கு முன்னால் பன்னருவாள் பட்டறைக்குப் போனதே, அது போலச் சீசன் தொடக்கத்தில் ஒருமுறை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஷூவைப் பலகையோடு பிடித்து வைத்து, விழுந்தால் கழன்றுவிடுகிற கொக்கிகளையும் அப்போதே கடையில் கொடுத்துச் சோதிக்க வேண்டும். அதில் நான் வாயே திறக்கவில்லை. கால் எலும்பு சம்பந்தப்பட்ட விஷயம், தெரிந்தவர் பார்க்கட்டும். இன்னொரு நாள் சீசன் முடிவில். ஈரத்தைத் துடைத்து, கார் கூரையில் வரும்போது தெறித்த சாலை உப்பைக் கழுவி, எஃகு மூடும்படி மெழுகைத் தடிமனாகப் பூசி, சுரண்டாமல் அப்படியே வைத்துவிட வேண்டும். தாத்தா எண்ணெய் தடவி இறவாரத்தில் செருகுவதும் இதற்குத்தான்.

தையில் நான் ஒரு காரியம் செய்தேன். பட்டறையில் கிடந்த அலுமினியத் துண்டில், ஒரு முகத்துக்கும் இன்னொரு முகத்துக்கும் 88 டிகிரி வருகிற மாதிரி ஒரு கட்டை கடைந்தேன். பலகையின் அடியில் ஒரு முகத்தை ஒட்டிவைத்து, மறு முகத்தில் வைரக்கல்லைப் பிடித்து இழுத்தால் பக்கச்சரிவு சரியாக 2 டிகிரி. அங்கே கடையிலேயே கிடைக்கும், விலையும் அதிகமில்லை என்றாள் மகள். இருக்கட்டும். ஊருக்கு வந்து திரும்பின அவள் தோழி ஒருத்தியிடம் ஊறுகாய் பாட்டிலோடு கொடுத்தனுப்பினேன். "ஊருக்கெல்லாம் சாணை, வீட்டு அருவாமனை முள்ளங்கியை நசுக்குது" என்று மனைவி சொன்னதும் அந்த வாரம்தான்.

கூடவே ஒரு நோட்டும் அனுப்பினேன். பட்டறையில் நான் எழுதுகிற மாதிரி: தேதி, என்ன வெட்டியது, என்ன செய்தது. கூர் பார்க்க விரலைக் கொண்டு போகாதே, நகத்தை எஃகின் குறுக்கே வைத்து லேசாக இழு, வெள்ளையாகத் தூள் சீவி வந்தால் கூர் இருக்கிறது, வழுக்கினால் தீட்டு என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தேன். நாலைந்து வாரம் சத்தமில்லை. தொந்தரவு செய்கிறோமோ என்று நானும் கேட்கவில்லை.

மாசியில் ஒரு காலை போட்டோ வந்தது. நோட்டின் ஒரு பக்கம், அவள் கையெழுத்து, பில் எழுதின அதே சாய்ந்த எழுத்து.

"நகிஸ்கா, மெஷின் பனி. நகம் சீவுது, தீட்டலை."

"நகிஸ்கா, ஐஸ். இடது கால் பலகை, நகம் வழுக்குது. நாலு இழுப்பு."

"புதுப்பனி, நாள் முழுக்க. ஒண்ணும் செய்யலை."

"மரத்தடியில ஒரு கல். வலது கால், உள்பக்கம், ஷூவுக்கு ஒரு சாண் முன்னால."

அதற்கு நேரே, என்ன செய்தது என்கிற கட்டம் காலியாக இருந்தது. உடனே கூப்பிட்டேன். "அரத்தை எடுத்துட்டியா?"

"இல்லப்பா. வைரக்கல்லை எடுத்து வச்சுக்கிட்டுதான் உங்களைக் கூப்பிடலாம்னு இருந்தேன். எத்தனை இழுப்பு?"

"எண்ணாதே" என்றேன். "போனைப் பக்கத்துல வை. சத்தம் கேட்கட்டும்."